முழுப்பருப்பு

ரேஷன் கடைக் கருவியில்
அஞ்சலாட்சி கட்டைவிரலை வைத்தாள்.
பொருந்தவில்லை.
சுட்டுவிரல். பொருந்தவில்லை.
முந்தானையில் துடைத்துத் துடைத்துப்
பத்து விரலும் ஒரு சுற்று வந்தன.
முப்பத்தோரு வருஷம் முந்திரி உடைத்ததில்
ரேகைகளைக் கொட்டை எண்ணெய் தின்றுவிட்டது.
சரி, கண்ணைக் காட்டு என்றார் கடைக்காரர்.
காட்டினாள்.
கருவி கொஞ்ச நேரம் யோசித்து
அதற்கும் உதட்டைப் பிதுக்கியது.
"அப்ப நான் யாருங்க?" என்றாளாம்.
வரிசை சிரித்ததாம்.
அவளும் சிரித்துவிட்டு
வெறும் பையோடு முகாமுக்கு வந்தாள்.

காடாம்புலியூர்ப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு.
கரும்பலகையில் அழிக்காத பின்னக் கணக்கு,
சன்னலுக்குப் பழைய போர்வை.
ஆறு மீட்டர் அளக்க அறை போதாமல்
நாற்காலியை வராண்டாவில் போட்டிருந்தேன்.
அட்டையின் முதல் எழுத்து
குடம் மாதிரி பெரியது.
"அட்டை எங்க இருக்கு?" என்றாள்.

எழுந்து போய் விரல் காட்டினேன்.
எத்தனை?
"இன்னும் கிட்ட வாங்க."
எத்தனை?
"உங்க கையில கொட்டை வாசமே இல்ல."

வலது: கையசைவு மட்டும்.
இடது: விரல் எண்ணிக்கை, அரை மீட்டர்.
இரண்டிலும் புரை முற்றி வெளுத்து நின்றது,
தோல் உரித்த பருப்பைப் போல.

அன்று எழுபத்து மூன்று பேர்.
மாளிகம்பட்டு வீராசாமிக்கு
வலிக்காமல் வந்து வலிக்காமல் தின்றிருந்தது
கண் அழுத்த நோய்.
மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால்
சொட்டு மருந்தால் நிறுத்தியிருக்கலாம்.
மூன்று வருஷம் முன்னால்
நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.
இப்போது அரசாங்கத்திடம் அவருக்கு இருப்பது
ஒரு சான்றிதழ், ஒரு வெள்ளைக் கோல்.
அவர் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

புதன்கிழமை வேன்.
சர்க்கரை ஆலை நெடி உள்ளே ஏறியதும்
"நெல்லிக்குப்பம்" என்றார்கள்
எல்லோரும் ஒரே குரலில்.
கடலூர் அரசு மருத்துவமனையில்
எந்தக் கண் என்று நெற்றியில் பிளாஸ்திரி,
மதியம் சாம்பார் சாதம், ஒரு முட்டை.
பில் எவ்வளவு என்று மூன்று பேரிடம் கேட்டாள்.
மூன்று பேரும் ஒன்றுமில்லை என்ற பிறகும்
முந்தானை முடிச்சிலிருந்த இருநூறை
ஊர் திரும்பும்வரை அவிழ்க்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து
கண்ணாடி கொடுக்கப் போனேன்.
வீடு பூட்டியிருந்தது.
தெய்வசிகாமணி கொட்டகையில் இருந்தாள்,
முறத்துக்கு முன்னால், நின்றபடி.

"இது என்ன?"
"பாதி."
"இது?"
"அதுவும் பாதிதான், கீழ வை."
வைக்கவில்லை.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
ரேகை இல்லாத இரண்டு விரல்களுக்கு நடுவே
கருவில் கிடக்கும் பிள்ளைபோல் வளைந்து
ஒரு முழுப்பருப்பு.

முழுசுக்கு ஒரு கூலி, பாதிக்கு ஒரு கூலி.
"நாலு வருஷமா எதை எழுதின?"

கொட்டகையில் உடைக்கும் சத்தம் நின்றது.
கண்ணாடியை நீட்டியபடி நான் நின்றேன்.
வாங்கிப் போட்டுக்கொண்டு
மறுபடி முறத்தைப் பார்த்தாள்.
"இன்னும் இருக்குது" என்றாள்.

நாளையிலிருந்து வராதே என்றார் அவர்.
எட்டாம் நாள் ஆள் அனுப்பினார்.
பருவம்; கை வேண்டும்.

அடுத்த முகாமில்
போர்வையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
கடைசி ஆளாக வந்து உட்கார்ந்தார்
தெய்வசிகாமணி.
விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதாம்.
அஞ்சலாட்சி பற்றி அவரும் பேசவில்லை, நானும்.

ஒரு மீட்டர் தள்ளி நான்கு விரல் காட்டினேன்.
"மூணு" என்றார், சட்டென்று.

கண்ணா, பழக்கமா?
எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.
அடுத்த புதன்கிழமை வேனில்
அவருக்கும் ஒரு இடம் போட்டேன்,
சன்னல் ஓரம்.